சேவை நாழியில் செய்த தோட்டா

ஸ்ரீரங்கத்தில் கொசுவை அடிக்க மனம் வராமல் ஊதித் துரத்திய மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். காட்டெருமையைச் சாய்க்கிற வேட்டைத் துப்பாக்கியை வீட்டுக்குள் வைத்திருந்தவரும் ஒரே ஒருவர்தான். இரண்டு பேரும் ஒரே ஆள். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. ஊரில் யாருக்காவது தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம். தபால்காரர் கூட, "துப்பாக்கி மாமா, தபால்!" என்றுதான் வாசலில் நின்று கூப்பிடுவார்.

அப்போது ஐம்பதுகள் முடிந்து அறுபதுகள் தொடங்குகிற சமயம். நான் கல்யாணமாகி வந்த புதிது. என் வீட்டுக்காரருக்குச் சைக்கிள் கடையில் வேலை. கீழச் சித்திரை வீதியை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தோம். எங்கள் கிணற்றடிக்கும் மாமாவின் கிணற்றடிக்கும் நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு சுவர். எனக்கு யாரையும் முகம் பார்த்துப் பேச வராது. பேசாதவளுக்குக் காது நன்றாக வேலை செய்யும் இல்லையா? சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் காதுக்குத் தீனி குறைந்ததே இல்லை.

மாமா குள்ளம். ஒல்லி. நெற்றி நிறையத் திருமண். வெங்காயம் கூட வாசல்படி தாண்டாத வீடு. அந்த வீட்டுக்குள் துப்பாக்கி வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மாமா மலை மேல் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். அங்கே ஒரு வெள்ளைக்காரத் துரை. ஆறடிக்கு மேல் உயரம், இடது கைப் பழக்கம். அந்தத் துரை தன் உடம்புக்கு அளவெடுத்து, தன் இடது கைக்கு ஏற்றபடி ஒரு துப்பாக்கி செய்து வாங்கியிருந்தார். அதோடு விட்டாரா? கடையில் விற்கிற தோட்டா தனக்குச் சரிப்படாது என்று, உலகத்தில் வேறு எந்தத் துப்பாக்கிக்கும் இல்லாத ஓர் அளவைத் தானே யோசித்துக் குழாயைத் துளைக்கச் சொல்லிவிட்டார். தோட்டாவையும் தானே செய்துகொள்வார். கடைசியில் எஸ்டேட்டை விற்றுவிட்டுத் தன் ஊருக்குக் கிளம்பும்போது, நாயைச் சமையல்காரரிடமும், பியானோவைப் பாதிரியாரிடமும், துப்பாக்கியைக் கணக்குப்பிள்ளையிடமும் கொடுத்துவிட்டுப் போனார்.

"அந்த நாயைக் குடுத்திருந்தாலாவது வாசல்ல அது பாட்டுக்குக் கெடந்திருக்கும்" என்பாள் மாமி.

துப்பாக்கியை நிறுத்தி வைத்தால் மாமாவின் காதுக்கு மேல் நிற்கும். கூடவே வந்தது ஒரு பெட்டி. அதில் பித்தளைக் கூடுகள், கருகருவென்று வெடிமருந்து, தட்டினால் பொறி விடும் குட்டி மூடிகள், ஈயக்கட்டி. எல்லாம் இருந்தன. செய்து முடித்த தோட்டா மட்டும் ஒன்று கூட இல்லை.

மாமா திருச்சிக்குப் போய், மெயின்கார்டு கேட் பக்கம் துப்பாக்கிக் கடை வைத்திருந்த பாயிடம் அளவைச் சொல்லித் தோட்டா கேட்டிருக்கிறார். பாய் கூட்டை உருட்டி உருட்டிப் பார்த்தாராம்.

"சாமி, இந்த அளவு தோட்டா சீமையிலயே கிடைக்காதுங்க. இதுக்குத் தோட்டா வேணும்னா அந்தத் தொரையத்தான் திரும்ப வரச் சொல்லணும்."

"அவர் வரமாட்டார். நானே பண்ணிக்கறேன்."

"நீங்களா? நீங்க பண்ணி எதைச் சுடப் போறீங்க, அப்பளமா?"

பாய் சிரித்துவிட்டார். அவ்வளவுதான். மாமா வீம்பாக வீடு திரும்பினார். அன்று தொடங்கியது எங்கள் சந்தின் தலைவிதி.

தோட்டா செய்வது என்றால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். மாமா சுவர் வழியாக எனக்குச் சொன்னதைச் சொல்கிறேன். பித்தளைக் கூட்டைப் பளபளப்பாகத் துலக்க வேண்டும். அதன் அடியில் பொறி மூடி, உள்ளே அளவாக மருந்து, மேலே ஈயக்குண்டு. குண்டைக் கூட்டின் வாயில் வைத்து நேராக, துளிக்கூடச் சாயாமல் அழுத்தி இறக்க வேண்டும். இவ்வளவுதான். "ஒரு மணி நேர வேலை" என்றார் மாமா. நான் அந்தச் சந்தில் இருந்த காலம் முழுவதும் அந்த ஒரு மணி நேரம் முடியவில்லை.

கூட்டைத் துலக்கியது மாமி. கோயில் பாத்திரம் தேய்ப்பது போலப் புளி போட்டுத் தேய்த்தாள். மருந்தை நிறுக்கத் தட்டாரிடமிருந்து ஒரு சின்னத் தராசு வந்தது. எடைக்கல்லுக்குப் பதில் குன்றிமணி. மாமா ஒரு தட்டில் குன்றிமணியையும் மறு தட்டில் மருந்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், தெருவில் வண்டி போகக் கூடாது, மாமி மாவு சலிக்கக் கூடாது, நான் என் பக்கத்தில் துணி கும்மக் கூடாது.

"கொழந்தே, மூச்சைக் கொஞ்சம் அந்தப் பக்கமா விடேன். தராசு ஆடறது."

நான் சுவருக்கு இந்தப் பக்கம், கிணற்றுக்கு அப்பால் நின்றுகொண்டிருப்பேன்.

இந்த மருந்து பார்வைக்கு அசல் கடுகு மாதிரியே இருக்கும். ஒரு நாள் மாமா அவசரமாகக் கோயிலுக்குக் கிளம்பியபோது, அதை ஒரு டப்பாவில் கொட்டி அடுப்பங்கரை அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மாமி குழம்புக்குத் தாளிக்க எண்ணெயைக் காயவைத்து, ஒரு கரண்டி 'கடுகை' எடுத்துப் போட்டாள்.

புஸ்ஸென்று ஒரு சத்தம். எங்கள் வீட்டுக் காலண்டர் ஆணியோடு கீழே வந்தது. நான் ஓடிப்போய்ப் பார்க்கிறேன், மாமியின் முகத்தில் புருவம் இருந்த இடத்தில் கரிக்கோடு. உத்தரத்தில் முழு நிலா அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம். கோயிலிலிருந்து வந்த மாமா கேட்ட முதல் கேள்வி இது:

"எத்தனை கரண்டி போட்டே?"

"ஒண்ணு."

"ஒரே கரண்டிக்கா இவ்வளவு!" மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. "நாள்பட்ட மருந்தாச்சேன்னு கவலைப்பட்டுண்டிருந்தேன். நன்னாப் பிடிக்கறது!"

அதன் பிறகு மாமி அவரோடு ஒரு வாரம் பேசவில்லை. பேச வேண்டியதையெல்லாம் என்னிடம் சொன்னாள், அவர் காதில் விழும்படி.

அடுத்தது சேவை நாழி. துரை கொடுத்த பெட்டியில் குண்டை அழுத்தி இறக்கும் கருவி ஒன்றும் இருந்ததாம். ரயிலில் வரும்போது அதன் கைப்பிடி எங்கோ தொலைந்துவிட்டது. மாமா வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மூன்று கால், நடுவில் திருகு, திருகினால் மேலிருந்து நேராக இறங்கி அழுத்தும் பித்தளைத் தண்டு. இதெல்லாம் வேறு எதில் இருக்கிறது? மாமியின் சேவை நாழியில் இருக்கிறது. இடியாப்பம் பிழிகிற நாழியைத்தான் அவர்கள் வீட்டில் சேவை நாழி என்பார்கள். பண்டிகை நாளில் பெருமாளுக்குச் சேவை பிழிந்து படைப்பது அதில்தான்.

"அதைத் தொட்டேள்னா நான் பொறந்தாத்துக்குப் போயிடுவேன்" என்றாள் மாமி.

"ஒரே ஒரு குண்டு. இறக்கிட்டுத் துலக்கி வச்சுடறேன்."

"பெருமாளுக்குத் தளிகை பண்ற சாமானை ஆச்சாரமில்லாமத் தொடப்படாது. தீர்த்தமாடிட்டு, ஈர வேஷ்டியோட, மடியாத் தொடறதா இருந்தாத் தொடுங்கோ."

கடுமையான நிபந்தனை போட்டால் விட்டுவிடுவார் என்று மாமி நினைத்தாள். மாமாவா விடுகிறவர்? அன்று முதல் தோட்டா செய்யும் நாளிலெல்லாம் கிணற்றில் குடம் குடமாக இறைத்துத் தலையில் கொட்டிக்கொண்டு, சொட்டச் சொட்ட ஈர வேஷ்டியோடு உட்கார்ந்து, வாய்க்குள் ஏதோ ஸ்லோகம் சொல்லிக்கொண்டே குண்டை இறக்குவார். யாரும் கிட்டே போகக் கூடாது. மடி. மார்கழிக் குளிரில் பல் கிடுகிடுக்கும். ஆனால் உலகத்திலேயே அவ்வளவு ஆச்சாரமாகச் செய்யப்பட்ட தோட்டா வேறு எங்கும் இருந்திருக்காது.

பிறகு ஈயச்சொம்பு. வெறும் ஈயத்தில் வார்த்தால் குண்டு மிருதுவாக இருக்கிறதாம். கொஞ்சம் வெள்ளீயம் கலந்தால்தான் கெட்டிப்படுமாம். வெள்ளீயம் எங்கே இருக்கும்? மாமி ரசம் வைக்கிற சொம்பில் இருக்கும். அவர்கள் பேச்சில் ரசம் என்றால் சாத்தமுது. ஒரு நாள் காலை மாமி சாத்தமுது வைக்கச் சொம்பைத் தேடினாள். கிடைக்கவில்லை. கொல்லைப்புறம் போனால், மாமா மணலில் குண்டு வார்த்து வரிசையாக ஆற வைத்திருந்தார்.

"ஏன்னா, சொம்பைப் பாத்தேளா?"

மாமா அந்த வரிசையைப் பார்த்தார். மாமியும் பார்த்தாள்.

"இனிமே இந்தாத்துல சாத்தமுது வேணும்னா, துப்பாக்கியை அடுப்புல வச்சு அதுக்குள்ள புளியைக் கரைச்சு விட்டுக்கோங்கோ!"

அன்றிரவே மாமி தன் பாத்திரங்களையெல்லாம் மூட்டை கட்டி எங்கள் வீட்டுப் பரணில் ஏற்றிவிட்டாள். சமைக்கிற வேளைக்குச் சுவர் வழியாக ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொள்வாள். சமையல் முடிந்ததும் திரும்பிவிடும்.

இடது கைத் துப்பாக்கி என்றேன் அல்லவா? மாமாவோ வலது கைக்காரர். அதனால் இடது கையைப் பழக்கினார். தண்ணீர் இறைப்பது இடது கை. விசிறுவது இடது கை. கடைக்காரரிடம் இடது கையால் காசை நீட்டி அவர் முகத்தைச் சுளிக்க வைப்பார். பழக்கம் முற்றிப்போய், ஒரு நாள் சந்நிதியில் தீர்த்தம் வாங்கவும் இடது கையை நீட்டிவிட்டார். பட்டர் வட்டிலோடு அப்படியே நின்றுவிட்டாராம்.

"ஸ்வாமி, என்ன இது?"

"மன்னிக்கணும். வேட்டைக்குப் பழகிண்டிருக்கேன்."

சந்நிதியில் சொல்லக் கூடிய பதிலா அது?

இத்தனையும் செய்தவர் ஒரு தடவையாவது சுட்டாரா என்றால், இல்லை. தோட்டா முடிந்த மறுநாள், "ஒரு குன்றிமணி கூடப் போயிடுத்தோ?" என்று சந்தேகம் வரும். குண்டைப் பிடுங்கி, மருந்தைக் கொட்டி, மறுபடி நிறுப்பார். மறுபடி கிணறு, மறுபடி ஈர வேஷ்டி. யாராவது, "எப்போ மாமா வேட்டை?" என்று கேட்டால், மாவடு ஊறுவதைப் பற்றிப் பேசுவது போல, "இன்னும் பக்குவம் வரலை" என்பார்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். ஒரு நாள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து லைசென்ஸ் சரிபார்க்க ஏட்டையா வந்தார். பெரிய மீசை, பெரிய தொப்பை. வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டுக் கேட்டார்.

"சாமி, லைசென்ஸ் பயிர்க்காவலுக்குன்னு போட்டிருக்கே. பயிர் எங்க?"

எஸ்டேட்டில் பன்றி விரட்ட என்று துரை வாங்கிக் கொடுத்த லைசென்ஸ் அது. மாமா சுற்றுமுற்றும் பார்த்தார். முற்றத்தில் துளசி மாடம் இருந்தது. அதைக் காட்டினார்.

"சாமி, துளசியை மேய எந்தப் பன்னி வரப் போவுது? தப்பா நினைக்காதீங்க. யாரு வயலையாவது நீங்க காவல் காக்குறதை நான் கண்ணால பாக்கணும். இந்த மாசக் கடைசிக்குள்ள. இல்லேன்னா துப்பாக்கியைக் கொண்டாந்து ஸ்டேஷன்ல ஒப்படைச்சிடுங்க. எனக்கும் மேல பதில் சொல்லணுமில்லீங்களா?"

அன்று மாமா சாப்பிடவில்லை. மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை. தொலைந்தது சனியன் என்று மாமி சந்தோஷப்படுவாள் என்று நான் நினைத்தேன். பாத்திரம் வாங்கச் சுவரோரம் வந்தவள், கரண்டியை வாங்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எஸ்டேட்டு வேலை முடிஞ்சு வந்தாரோன்னோ, அப்போ எப்படி இருந்தார் தெரியுமோடி? கார்த்தாலேருந்து விளக்கு வைக்கற வரைக்கும் அந்தத் தூணையே பாத்துண்டு உக்காந்திருப்பார். பேச்சு கிடையாது. சண்டை கூடக் கிடையாது. எங்களுக்குக் குழந்தை குட்டியும் இல்லை. இந்தப் பெட்டியைப் பிரிச்ச அன்னிக்குத்தான் வாயைத் தொறந்து எங்கிட்ட புளி கேட்டார். இப்போ அது போச்சுன்னா மறுபடி தூண்தான்."

திட்டித் தீர்த்தவள் அழுதாள். கரண்டியை அவள் கையில் வைத்துவிட்டு உள்ளே ஓடிவிட்டேன்.

வழி காட்டியவர் எங்கள் சந்துக்குக் கத்திரிக்காய் கொண்டு வருகிற பெரியவர். திருவெள்ளறைக்காரர். விஷயத்தைக் கேட்டதும் கூடையை இறக்கி வைத்தார்.

"நம்ம கடலைக் கொல்லைக்கு வாங்க சாமி! பொழுது சாய்ஞ்சா குடும்பத்தோட வந்திறங்குதுங்க பன்னிங்க. செடியைப் புடுங்கிக் கடலையைத் தின்னுட்டு ஏப்பம் விட்டுட்டுப் போவுது. நீங்க சுடக்கூட வேணாம். சத்தம் போட்டா போதும். இந்த வருசம் கடலை போச்சுன்னா நான் உங்க சந்துலயே வந்து குடியேற வேண்டியதுதான்."

ஆக, இந்தப் பக்கம் துப்பாக்கி, அந்தப் பக்கம் கடலை. இரண்டும் மாமாவின் தோட்டாவை நம்பி இருந்தன.

ஒரு நாள் மத்தியானம் கிளம்பினோம். 'கிளம்பினோம்' என்று சொல்வதற்குக் காரணம், மாமி, "நீயும் வாடி, எனக்குத் துணையா" என்றாள். முடியாது என்று சொல்ல நான் இன்றுவரை கற்றுக்கொள்ளவில்லை. துப்பாக்கியை மாமியின் பழைய அரக்குப் புடவையில் சுற்றியிருந்தார் மாமா. மாமியின் கையில் புளியோதரைத் தூக்கு. என் மடியில் சேவை நாழி.

துறையூர் பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார்: "சாமி, இது என்னங்க, இவ்ளோ நீளமா?"

"எங்காத்து மாமியோட பழைய புடவை."

"புடவைக்குள்ள?"

மாமாவுக்குப் பொய் வராது. "துப்பாக்கி" என்றார்.

அன்றைக்கு அந்த பஸ்ஸில் எங்களுக்குக் கிடைத்தது போல யாருக்கும் தாராளமாக உட்கார இடம் கிடைத்திருக்காது. முன்னால் இரண்டு சீட்டும் பின்னால் இரண்டு சீட்டும் காலி.

கொல்லையில் ஏட்டையா முன்பே வந்து கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கத்திரிக்காய்ப் பெரியவரின் சம்சாரம், விருந்தாளிகளுக்கென்று மூன்று கல் கூட்டி, பெரிய பானையில் கடலை அவித்துக்கொண்டிருந்தார். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. எல்லாம் தயார். மாமா தோட்டாப் பையைத் திறந்தார். முகம் மாறியது.

"பஸ் குலுக்கினதுல மருந்து இடம் மாறியிருக்கும். எல்லாத்தையும் பிரிச்சுப் பண்ணணும்."

"இப்பவா?" என்றாள் மாமி.

"இப்பத்தான்."

சொல்லிவிட்டு நேரே கிணற்றுக்குப் போய்த் தலையோடு முழுகிவிட்டு, சொட்டச் சொட்ட ஈர வேஷ்டியோடு வரப்பில் வந்து உட்கார்ந்தார். எதிரே சேவை நாழியை வைத்தார். பெரியவரின் சம்சாரம் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு என் காதருகே கேட்டார்: "ஏம்மா, சாமி இடியாப்பம் பிழிஞ்சா பன்னியை அடிக்கப் போறாரு?"

ஏட்டையா கொஞ்சம் தள்ளி நின்றே குனிந்து பார்த்தார். "சாமி, வேட்டித் தண்ணி மருந்துல சொட்டுதே."

"கிட்ட வராதீங்கோ. மடி."

"இல்ல சாமி, மருந்து நனைஞ்சா..."

"பெருமாள் பாத்துப்பார்."

பொழுது சாய்ந்தது. பன்றிகள் வந்தன. பெரியவர் சொன்னது சரிதான், குடும்பத்தோடுதான் வந்தன. அப்பா, அம்மா, சித்தி, அத்தை, வரிசையாகக் குட்டிகள். ஓடவில்லை, பதுங்கவில்லை. கல்யாணப் பந்திக்கு வந்தது போல வந்து உட்காராத குறையாகத் தின்னத் தொடங்கின.

மாமா எழுந்து துப்பாக்கியை இடது தோளில் வைத்தார். குழாய் நுனி ஆடியது. மாமாவும் ஆடினார். எந்தப் பன்றியின் மேலும் குறி நிற்கவில்லை. நிற்காதபடி அவரே பார்த்துக்கொண்டார் என்று இப்போது தோன்றுகிறது. கண்ணை இறுக மூடிக்கொண்டு விசையை இழுத்தார்.

'டிக்.'

அவ்வளவுதான். பன்றிகள் நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை.

"சுடுங்க சாமி!" என்றார் பெரியவர், அடித்தொண்டையில்.

"சுட்டாச்சு!" என்றார் மாமா. "இன்னும் வரலை!"

வெடிக்காத தோட்டாவை உடனே வெளியே எடுக்கக் கூடாதாம். தாமதமாக வெடித்தாலும் வெடிக்குமாம். துரை சொல்லிக் கொடுத்த பாடம். அதனால் மாமா துப்பாக்கியை நீட்டியபடியே சிலையாக நின்று, ஒரு முழு ஸ்லோகத்தையும் சொல்லி முடித்தார். பிறகு அதை வெளியே எடுத்துவிட்டு அடுத்த தோட்டாவைப் போட்டார். டிக். மறுபடி ஸ்லோகம். அதற்கும் அடுத்தது. டிக். அதற்குள் பன்றிகள் அரை வரிசையைத் தீர்த்துவிட்டு அடுத்த பாத்திக்கு மாறியிருந்தன. பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பையில் இருந்த கடைசித் தோட்டாவும் டிக் என்றது.

ஏட்டையா இருமினார். "சாமி, எனக்கு மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இதைப் பயிர்க்காவல்னு நான் எப்படிங்க போய்ச் சொல்றது?"

மாமா துப்பாக்கியைப் புடவையில் சுற்றத் தொடங்கினார், தூங்கிப்போன குழந்தையைச் சுற்றுவது போல. மாமி அதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சரி, வாங்கோ. எல்லாரும் சாப்பிடலாம்" என்று எங்களைக் கொல்லையின் கோடி வரப்புக்கு அனுப்பினாள். அவள் மட்டும் பின்தங்கி, வெடிக்காத தோட்டாக்களையெல்லாம் பொறுக்கினாள். மழைக்காலத்தில் நமுத்துப் போன தீப்பெட்டியையும் உப்பையும் அப்பளத்தையும் மாமி என்ன செய்வாளோ, அதையே செய்தாள். கடலைப் பானையின் அடியில் கனிந்துகொண்டிருந்த நெருப்பை ஒட்டி, சூடான கல்லின் மேல் வரிசையாக வைத்துவிட்டு வந்தாள். ஈரம் காய்ந்தால் இன்னொரு தடவை முயன்று பார்க்கலாமே என்ற நல்லெண்ணம்தான். எங்களிடம் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

கோடி வரப்பில் இலை போட்டு உட்கார்ந்தோம். பன்றிகளும் சாப்பிட்டன, நாங்களும் சாப்பிட்டோம். யாரும் யாரையும் தொந்தரவு செய்யவில்லை.

"புளியோதரை பிரமாதம் மாமி" என்று ஏட்டையா சொல்லி வாயை மூடவில்லை.

டமால்!

பானை எழும்பி ஆகாயத்துக்குப் போனது. கடலை மழையாகப் பெய்தது. டமால், டமால் என்று அடுத்தடுத்து. கல் உருண்டது, சாம்பல் பறந்தது, ஊர்க் காக்கையெல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பியது. பன்றிக் குடும்பம் தாய் பிள்ளை பார்க்காமல் கொல்லையைக் கிழித்துக்கொண்டு, எங்கள் இலைகளின் மேலேயே மிதித்துக்கொண்டு, குன்றுப் பக்கம் ஓடிப் போனது. அவை போன வேகத்தைப் பார்த்தால் துறையூர் தாண்டித்தான் நின்றிருக்கும். மாமி என்னைக் கட்டிக்கொண்டாள். பெரியவர் வாய்க்காலில் படுத்துவிட்டார்.

சத்தம் அடங்கியதும் ஆட்களைத் தேடினோம். எல்லாரும் முழுசாக இருந்தோம். ஏட்டையாவை மட்டும் காணவில்லை. கடைசியில் குரல் மேலேயிருந்து வந்தது. அந்தத் தொப்பையோடு பனைமரத்தில் பாதி உயரத்தில் இருந்தார்.

"சாமி! இன்னும் இருக்கா?"

"இல்லை. எல்லாம் ஆயிடுத்து."

இறங்கும்போது ஏட்டையாவுக்குச் சட்டைப் பொத்தான் ஒன்று கூட மிச்சமில்லை. மூச்சு வாங்கி முடித்ததும் தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

"பயிர்க்காவல் நடந்துச்சு. பன்னிங்க ஓடுச்சு. நானே கண்ணால பாத்தேன்."

"எங்கேருந்து பாத்தீங்க ஏட்டையா?" என்றார் பெரியவர், சேற்றோடு.

"எங்கேருந்து பாத்தா உமக்கென்னய்யா? பாத்தேன்ல? பனைமரத்தைப் பத்தி யாரும் வாயைத் தொறக்கக் கூடாது. சாமி, துப்பாக்கி உங்களோடவே இருக்கட்டும்."

அந்த வருஷம் கடலை அறுவடை முடிகிறவரை அந்தக் கொல்லைப் பக்கம் பன்றி எட்டிப் பார்க்கவில்லை. வெகுநாள் வரைக்கும் பெரியவர் எங்கள் சந்தில் மாமி வீட்டில் மட்டும் கத்திரிக்காய்க்குக் காசு வாங்க மறுத்தார்.

ஆனால் அன்று மாமா சிரிக்கவில்லை. சாம்பலைக் கிளறிப் பித்தளைக் கூடுகளைத் தேடி எடுத்தார். ஒவ்வொன்றும் வாழைப்பூ மடல் போலக் கிழிந்து விரிந்திருந்தது. ஒன்று கூடத் தேறவில்லை. உலகத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காத கூடுகள். துப்பாக்கி தங்கிவிட்டது. அதற்குத் தோட்டா செய்ய இனி வழியில்லை.

மறுநாள் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நான் துணி கும்மினேன், யாரும் அதட்டவில்லை. வேண்டுமென்றே வாளியைக் கிணற்றில் தடாலென்று போட்டேன், அப்போதும் யாரும் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். மாமா தூணுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

மாமி என்னென்னவோ செய்து பார்த்தாள். "ஏன்னா, மருந்தை வெயில்ல உலர்த்தட்டுமா?" என்றாள். "இன்னிக்குத் தீர்த்தமாடலையா?" என்றாள். கடைசியில், "சேவை நாழியை நன்னாத் துலக்கி வச்சிருக்கேன்" என்றாள்.

"கூடு இல்லாம அதெல்லாம் எதுக்கு?" என்றார் மாமா. அந்த வாரத்தில் அவர் பேசிய ஒரே வாக்கியம் அது.

ஒரு நாள் காலை மாமி சுவரோரம் வந்து, பரணில் இருந்த மூட்டையைக் கேட்டாள். கொடுத்தேன். அதைப் பிரித்து, உள்ளே கைவிட்டுத் தேடி, பிறந்த வீட்டுச் சீராக வந்த கனத்த பித்தளை டபராவை எடுத்தாள். கொண்டுபோய் மாமாவின் முன்னால் 'டங்' என்று வைத்தாள்.

"இது கெட்டியா இருக்கா பாருங்கோ."

"இது உங்காத்துப் பாத்திரமாச்சே."

"அதனாலதான் கெட்டியா இருக்கும். பாருங்கோன்னா."

மாமா வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு தூணுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார். விரலால் சுண்டினார். காதருகே வைத்துக் கேட்டார். விளிம்பை நகத்தால் கீறினார்.

"தகடு நல்ல கனம்தான்" என்றார். "இழுத்து அடிச்சா ஒரு கூடு வரும். கொஞ்சம் மிச்சம் நிக்கும். இன்னொண்ணுக்குத்தான் பத்தாது."

நான் உள்ளே போனேன். தினமும் காபி குடிக்கிற பித்தளை டம்ளரை எடுத்து வந்து, சுவருக்கு மேலே கையை நீட்டினேன். மாமா நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் கொழந்தே, அப்புறம் நீ காபிக்கு என்ன பண்ணுவே?"

அதுவரை நான் மாமாவிடம் பதிலாக ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை.

"நாங்க எவர்சில்வர் வாங்கிட்டோம் மாமா."

எங்கள் வீட்டுக்கு எவர்சில்வர் வந்தது அதற்கு வெகு காலம் கழித்து. அதுவரைக்கும் ஊறுகாய்க் கிண்ணத்தில்தான் காபி. கிணற்றடியில் நின்று நான் அதை மெல்ல மெல்லக் குடிப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம், விடிந்ததும் விடியாததுமாக, பித்தளையை அரத்தால் ராவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்.